குழந்தைகளை நிறுக்கும் படிக்கல்

எடை குறைந்த படிக்கல்லை வைத்து வியாபாரம் செய்பவன் அகப்பட்டால் அவனைக் கோர்ட்டில் நிறுத்த நமது தேசத்தில் சட்டம் இருக்கிறது. அரிசியும் பருப்பும் வாங்கும் ஏழை ஏமாறக் கூடாது என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. ஆனால் அந்த ஏழையின் குழந்தையையே தராசிலிட்டு, 'இது வளர்கிறது', 'இது வளரவில்லை' என்று தீர்ப்புச் சொல்லும் படிக்கல் ஒன்றும் உண்டு. அதைச் செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள், அதன் எடையைக் குறைக்க வேண்டுமென்று சிலர் சொல்வது நியாயந்தானா என்று விசாரிப்பவர்கள் நம்மில் வெகு சிலரே. பொது விஷயங்களில் சிரத்தையுள்ள ஒவ்வொருவரும் அவசியம் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

திருப்போரூர் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். கந்தசுவாமி சந்நிதியில் முடியிறக்கிக் காது குத்துவதற்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரும் ஊர் அது. அதற்கு வடக்கே சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. கிழக்கே உப்பங்கழியைத் தாண்டினால் கோவளம், நெம்மேலி முதலிய கடற்கரைக் கிராமங்களில் மீனவர் குப்பங்கள். உள்ளே இருளர் குடியிருப்புகள். எழும்பி வரும் புதுக் கட்டடங்களின் நிழலில், வெளி மாநிலங்களிலிருந்து வந்த கூலியாட்களின் தகரக் கொட்டகைகள். மாளிகையில் ஒரு குழந்தையும் கொட்டகையில் ஒரு குழந்தையும் ஒரே தினத்தில் பிறக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவுகோலா, வெவ்வேறு அளவுகோலா? நாம் எழுதப் புகுந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, அதன் எடையை வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளியாக வைப்பது வழக்கம். ஆண் குழந்தைக்கு நீல அட்டை, பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு அட்டை. அட்டையில் இடமிருந்து வலமாக ஏறிச் செல்லும் வளைகோடுகள் உள்ளன. புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தால் குழந்தைக்குக் குறைவில்லை. மஞ்சளில் விழுந்தால் எடை குறைவு. ஆரஞ்சில் விழுந்தால் கடுமையான குறைவு. தாயார் பார்ப்பது நிறத்தை மட்டுமே. ஆனால் நிறத்துக்கு நிறம் எல்லை கட்டியிருக்கும் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

கோடு பிறக்கும் விதம்

பிரான்ஸ் தேசத்தில் மாண்பேயார் என்ற பிரபு 1759-ம் வருஷம் முதல் 1777-ம் வருஷம் வரை தம் மகனின் உயரத்தை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொரு முறை அளந்து குறித்து வைத்தார். ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்த பழைய கணக்குகளில் பிரசித்தமானது அது. ஆனால் ஒரு குழந்தையின் கணக்கு அந்தக் குழந்தைக்கு மட்டுமே சாட்சி. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பொதுவான கோடு வேண்டுமானால் பல குழந்தைகளை அளந்தாக வேண்டும்.

ஒவ்வொரு மாத வயதிலும் நூறு குழந்தைகளை நிறுத்து, இலேசான குழந்தை முதல் கனமான குழந்தை வரை வரிசையாக நிறுத்துவதாக வைத்துக் கொள்வோம். வரிசையின் நடுவில் நிற்கும் குழந்தையின் எடையை நடுமதிப்பு என்கிறோம். கடைசியிலிருந்து மூன்றாவதாக நிற்கும் குழந்தையின் எடையைக் கீழ் எல்லையாகக் கொள்ளலாம். மாதத்துக்கு மாதம் இந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் என்ன ஆகும்? கோடு ரம்பத்தின் பல்லைப் போல் ஏறி இறங்கும். ஏழாம் மாத வரிசையின் கடைசியில் காய்ச்சலில் கிடந்த குழந்தை ஒன்று இருந்திருக்கலாம். எட்டாம் மாத வரிசையில் அப்படிப்பட்ட குழந்தை இல்லாதிருக்கலாம். அதனால் எல்லை ஏழில் தாழ்ந்து எட்டில் எகிறுகிறது. குழந்தைகளின் இயல்பான வளர்ச்சியில் அப்படிப்பட்ட ரம்பப் பல் கிடையாது. அது தற்செயலின் வேலை.

ஆகவே புள்ளிவிவர சாஸ்திரிகள் கோட்டை வழவழப்பாக்குகிறார்கள். ஏழாம் மாதத்தின் எல்லையை நிர்ணயிக்க ஆறாம் மாதத்தையும் எட்டாம் மாதத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வழக்கறிஞர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சாட்சி தனியே சொல்வதைவிட, அக்கம்பக்கத்துச் சாட்சிகள் ஒத்துச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். எனினும் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. அளவுக்கு மிஞ்சி வழவழப்பாக்கினால் உண்மையான வளைவும் தேய்ந்து போகும். பிறந்தபோது 3.3 கிலோ இருக்கும் நடுத்தர ஆண் குழந்தை ஆறாம் மாதத்தில் 7.9 கிலோ ஆகிறது. அடுத்த ஆறு மாதத்தில் 9.6 கிலோவுக்குத்தான் ஏறுகிறது. அதாவது முதல் அரை வருஷத்தில் 4.6 கிலோ, இரண்டாவது அரை வருஷத்தில் 1.7 கிலோ. இந்த வேகத்தையும் இந்தத் திருப்பத்தையும் கோடு காட்டாவிட்டால் அது பொய்க் கோடு.

இரண்டு ஆபத்துக்கும் நடுவே வழி கண்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டிம் கோல் என்ற நிபுணர். அவரும் பீட்டர் கிரீனும் 1992-ல் வெளியிட்ட முறையின் சாரத்தை நமது பாஷையில் இப்படிச் சொல்லலாம்: கோடு ஒவ்வொரு முறை வளையும்போதும் அதற்கு ஓர் அபராதம் விதிக்கப்படுகிறது. அளந்த எடைகளோடு பொருந்துவதால் கிடைக்கும் லாபம் அந்த அபராதத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே வளைவு அனுமதிக்கப்படும். காரணமின்றி நெளியும் கோடு அபராதம் கட்டியே ஓய்ந்து போகும். உண்மையான திருப்பம் அபராதத்தைக் கட்டிவிட்டு நிலைத்து நிற்கும்.

இம்முறையின் இரண்டாவது சிறப்பு இதைவிடப் பெரிது. கீழ் எல்லையைக் கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று குழந்தைகளை மட்டும் வைத்து நிர்ணயிக்காமல், வரிசையிலுள்ள நூறு குழந்தைகளையும் வைத்து நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு வயதுக்கும் மூன்றே விஷயங்களைக் கேட்கிறது. நடுமதிப்பு எவ்வளவு? அதைச் சுற்றிக் குழந்தைகள் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறார்கள்? அந்தப் பரவல் இரு பக்கமும் சமமா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் எந்த எல்லையையும் கணக்கிட்டு விடலாம்.

மூன்றாவது கேள்வி வீண் நுணுக்கமல்ல. ஒரு வயது ஆண் குழந்தைக்கு நடுமதிப்பு 9.6 கிலோ. கீழே இரண்டு திட்டவிலக்கம் இறங்கினால் 7.7 கிலோ, மேலே இரண்டு ஏறினால் 12 கிலோ. கீழ்ப்புறம் 1.9 கிலோ தூரம், மேற்புறம் 2.4 கிலோ தூரம். எடை மேற்புறமாகச் சாய்ந்து பரவுகிறது என்பது இதனால் விளங்கும். சாய்வைக் கவனியாமல் இரு பக்கமும் சமமாகக் கோடு போட்டிருந்தால் மெலிந்த குழந்தையின் எல்லையும் தவறும், பருத்த குழந்தையின் எல்லையும் தவறும். உயரத்தில் இந்தச் சாய்வு கிடையாது. அங்கே பரவல் இரு பக்கமும் சமமாகவே இருக்கிறது.

பழைய படிக்கல்

கோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அளந்த குழந்தைகள் எவர் என்பதே முதற் கேள்வி. நமது தேசம் வெகு காலம் அந்நியப் படிக்கல்லைக் கொண்டே தன் குழந்தைகளை நிறுத்து வந்தது. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந்தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன் அட்டைகளுக்கு ஆதாரம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்ட ஹார்வர்டு அளவு. அந்த அளவின் நடுமதிப்பில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இருந்தால் குறைவில்லை. 71 முதல் 80 வரை முதல் நிலை. 61 முதல் 70 வரை இரண்டாம் நிலை. அதற்கும் கீழே மூன்றாம், நான்காம் நிலைகள். கடைசி இரண்டு நிலைகளே கடுமையானவை என்று கருதப்பட்டன.

உலக சுகாதார ஸ்தாபனம் பின்னர் கைக்கொண்ட 1977-ம் வருஷத்து அமெரிக்க அளவிலும் குறை இருந்தது. சிசுக்களுக்கான அதன் பகுதி ஓஹையோவிலுள்ள ஒரு சிற்றூரில் 1929 முதல் 1975 வரை அளக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள். அவர்களை அளந்ததும் மூன்று மாதத்துக்கொரு முறைதான். அதன் பலன் என்ன? தாய்ப்பாலில் நன்றாக வளரும் குழந்தைகூட மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அந்தக் கோட்டைவிட்டுத் தாழ்வது போல் தோன்றும். தாயின் பால் போதவில்லை என்ற வீண் பயத்துக்கும், புட்டிப்பாலைத் தேடும் வீண் செலவுக்கும் அது வழி செய்தது. தவறான கோடு தாய்மார்களின் மார்பையே சந்தேகிக்கச் செய்தது!

இதனிடையே, அளவைப் பயன்படுத்தும் விதத்தில் தமிழ்நாடு ஒரு வழி காட்டியது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம், செங்கற்பட்டு உள்ளிட்ட சில ஜில்லாக்களின் கிராமங்களில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தது. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், அதன் கோடு ஏறுகிறதா நிற்கிறதா என்று பார்த்தது. ஏற்றம் தடைப்பட்ட குழந்தைக்கு உடனே சத்துணவு. கோடு மறுபடி ஏறத் தொடங்கியதும் நிறுத்தம். விழுந்த பிறகு தூக்குவதைவிட, தடுமாறும்போதே கை கொடுப்பது மேல் என்ற சாதாரண ஞானந்தான் அது. ஆனால் அதைக் கிராமத்துப் பெண் ஊழியரின் கையில் தராசாகவும் பென்சிலாகவும் கொடுத்தது நமது மாநிலம்.

புதிய படிக்கல்

1997 முதல் 2003 வரை உலக சுகாதார ஸ்தாபனம் ஆறு தேசங்களில் புதிதாகக் குழந்தைகளை அளந்தது. பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் புது டில்லி. மொத்தம் ஏறக்குறைய 8,440 குழந்தைகள். எந்தக் குழந்தையையும் அகப்பட்டபடி சேர்க்கவில்லை. தாய் புகை பிடிக்காதவளாக இருக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க இசைய வேண்டும். வளர்ச்சியைத் தடுக்கும் வறுமையோ நோயோ இருக்கக் கூடாது. ஒரு பகுதிக் குழந்தைகளைப் பிறந்தது முதல் இரண்டு வயது வரை 21 முறை வீடு தேடிச் சென்று அளந்தார்கள். பருமனான குழந்தைகளின் அளவுகள் கோட்டை மேலே இழுத்துவிடாதபடி, வரம்பு மீறிய எடைகளை நீக்கினார்கள்.

இங்கேதான் பழைய அளவுக்கும் புதிய அளவுக்குமுள்ள மூல வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பழைய அளவு சொல்லிற்று. தடையில்லாவிட்டால் எப்படி வளர வேண்டும் என்று புதிய அளவு சொல்லுகிறது. முன்னது வர்ணனை, பின்னது விதி.

கோடு வரைவதற்கு முப்பது முறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் கோலின் முறையை இன்னும் விரிவாக்கிய ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நான்காவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருந்தது: வரிசையின் இரு கோடியிலும் கூட்டம் வழக்கத்துக்கு மிஞ்சி இருக்கிறதா என்பது அது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் அந்த நான்காவது கேள்விக்கு அவசியமே ஏற்படவில்லை; மூன்றே போதுமென்று தெரிந்தது. தேவையற்றதைத் தேவையில்லையென்று ஒப்புக்கொள்வதும் சாஸ்திரத்தின் நேர்மையே.

இந்த ஆராய்ச்சியில் வெளியான ஓர் உண்மையைத் தமிழர் யாவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் நீளத்தில் காணப்பட்ட வேற்றுமையில், தேசத்துக்குத் தேசம் உள்ள வேற்றுமை நூற்றுக்கு 3 பங்குதான். ஒரே ஊரில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேற்றுமை 70 பங்கு. வசதியுள்ள டில்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒன்றாகவே வளர்கின்றன. நமது இரத்தத்தில் குறைவில்லை. குறைவு நமது பானையில் இருக்கிறது, குடிநீரில் இருக்கிறது, கர்ப்பிணிகளை நாம் நடத்தும் விதத்தில் இருக்கிறது.

2006-ம் வருஷம் ஏப்ரலில் இந்த அளவு வெளியாயிற்று. 2008-ல் இந்திய சர்க்கார் இதை அங்கன்வாடிகளுக்கு ஏற்றுக்கொண்டது. மாற்றத்தின் விளைவை ஒரு திருஷ்டாந்தத்தால் காட்டுவோம். ஒரு வயது ஆண் குழந்தை ஒன்று 6.5 கிலோ இருக்கிறது. ஹார்வர்டு அளவின்படி அந்த வயதுக்கு நடுமதிப்பு ஏறக்குறைய 10 கிலோ. ஆகவே குழந்தை நூற்றுக்கு 65 பங்கு, இரண்டாம் நிலை, கடுமையானதல்ல. புதிய அளவின்படி கடுமையான குறைவின் எல்லை 6.9 கிலோ. அதே குழந்தை இப்போது ஆரஞ்சுப் பட்டையில் விழுகிறது. குழந்தை மாறவில்லை, படிக்கல் மாறியது. பழைய படிக்கல்லில் மறைந்திருந்த அபாயம் புதிய படிக்கல்லில் வெளிப்பட்டது.

சிறிய உடல் போதுமா?

படிக்கல் மாறியதும் கணக்கில் குறைவுள்ள குழந்தைகளின் தொகையும் மாறுகிறதென்றால், அந்தத் தொகையை விரும்பாதவர்களுக்குப் படிக்கல்லின்மீது கண் விழுவது இயல்பே. இந்த விவாதம் புதிதல்ல. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், 'சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள்' என்ற வாதத்தைக் கிளப்பினார். ஏழைக் குழந்தைகள் குறைந்த உணவுக்குத் தக்கபடி உடலைச் சிறிதாக்கிக் கொள்கின்றனர், அதில் கேடில்லை என்பது அதன் சாரம். இதை ஆணித்தரமாக மறுத்தவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சி. கோபாலன். சிறிய உடல் ஏழைகளுக்கு மட்டும் ஆரோக்கியம், பணக்காரர்களுக்கு அல்ல என்பது என்ன நியாயம் என்பதே அவர் எழுப்பிய வினா. அந்த வாதத்தைக் கொண்டாடுகிறவர் எவரும் தம் பிள்ளை குறுகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதில்லை.

2013-ல் பொருளாதார நிபுணர் அரவிந்த் பனகாரியா மறுபடியும் பிரச்னையைக் கிளப்பினார். சிசு மரணம் முதலிய விஷயங்களில் ஆப்பிரிக்க தேசங்கள் பலவற்றைவிட மேலான நிலையிலிருக்கும் இந்தியாவில், குள்ளமான குழந்தைகள் மட்டும் அதிகமாக இருப்பானேன்? உலக அளவு நமக்குப் பொருந்தாததே காரணம் என்றார் அவர். கேள்வி கேட்கத்தக்கதே, அதை ஏளனம் செய்வது முறையல்ல. ஆனால் பதில் அளவில் இல்லை. உயிர் பிழைப்பதற்கு ஊசியும் மருந்தும் உதவலாம். உயரமாக வளர்வதற்கு நல்ல உணவும் சுத்தமான சூழலும் உடல் தேறிய தாயும் வேண்டும். மெலிந்த தாயின் குழந்தை இலேசாகப் பிறக்கிறது. ஒரு தலைமுறையின் பசி அடுத்த தலைமுறையின் உயரத்தில் எழுதப்படுகிறது. தென் கொரியாவை நோக்குங்கள். 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறார்கள். நூறு வருஷத்தில் ஒரு ஜாதியாரின் இரத்தம் மாறிவிடுவதில்லை, வாழ்வு மாறுகிறது.

'நமக்கு நமது அளவுகோல்' என்ற கோஷம் காதுக்கு இனிமையானது. அந்நிய அளவுகோல் எதையும் ஆராயாமல் ஏற்கலாகாது என்பதில் நமக்கும் சம்மதமே. ஐந்து வயதுக்கு மேற்பட்ட நமது பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் இந்தியப் பிள்ளைகளையே அளந்து கோடுகள் வெளியிட்டதும் போற்றத்தக்கதே. ஆனால் சுதேசி அளவு என்பது உயர்ந்த அளவாக இருக்க வேண்டுமேயன்றித் தாழ்ந்த அளவாக இருக்கலாகாது. பசித்த குழந்தைகளின் நடுமதிப்பை எடுத்து அதையே இலட்சியமாக வைத்தால், பசியைச் சட்டமாக்கியவர்கள் ஆவோம்.

கணக்கைப் பாருங்கள். தடையின்றி வளரும் குழந்தைகளில் கீழ் எல்லைக்குக் கீழே விழுபவர்கள் நூற்றுக்கு 2.3 பேரே. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற எடையில்லாதவர்கள் நூற்றுக்கு 22 பேர். வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 பேர். இந்தியா முழுவதற்கும் இத்தொகைகள் 32.1, 35.5. நாம் மற்ற பல மாநிலங்களைவிட மேல் என்று திருப்திப்படலாம். ஆனால் இருக்க வேண்டிய தொகையைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு எடைக் குறைவு இன்னும் நம் வீட்டில் இருக்கிறது.

நமது கடமை

எவ்வளவு உயர்ந்த கணிதமும் தராசின் தவறைத் திருத்தாது. 7.6 கிலோ உள்ள ஒரு வயது ஆண் குழந்தையை, அவசரத்தில் 8 கிலோ என்று எழுதினால் மஞ்சளிலிருந்து பச்சைக்குத் தாவிவிடும். அதற்குச் சேர வேண்டிய கவனிப்பும் போய்விடும். உயரத்திலும் அப்படியே. இரண்டு வயதுக் குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால், நிற்கவைத்து அளப்பதைவிட 0.7 சென்டிமீட்டர் கூடுகிறது. எப்படி அளந்தோம் என்று குறிக்காவிட்டால் கணக்குக் கெடும். 2021 முதல் அங்கன்வாடி ஊழியர் அளவுகளைக் கைப்பேசியில் பதிகிறார். கோட்டை யந்திரம் போடுகிறது. வேலை சுலபமாயிற்று என்பது மெய்யே. ஆனால் தாயின் கண்ணெதிரே அட்டையில் புள்ளி வைத்து, 'பார், போன மாதத்திலிருந்து கோடு ஏறவில்லை' என்று காட்டுவதற்கு யந்திரம் ஈடாகாது.

ஆகவே நமது வேண்டுகோள் இது. எடை போடும் நாளன்று உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் சென்று பாருங்கள். தராசு சரியாக இருக்கிறதா, அளவுகோல் இருக்கிறதா, தாய்மார்கள் கையில் அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். குறை கண்டால் ஊழியரைக் குற்றஞ்சாட்டாதீர்கள். சொற்ப ஊதியத்தில் பல வேலை செய்யும் அவருக்குத் துணை நில்லுங்கள். அக்டோபர் 2-ந்தேதி கிராமசபை கூடும்போது, சாலைக்கும் விளக்குக்கும் முன்னதாக, 'நமது ஊரில் எத்தனை குழந்தைகள் மஞ்சளில், எத்தனை ஆரஞ்சில்?' என்று கேளுங்கள். பேர் சொல்ல வேண்டாம். தொகையைச் சொன்னால் போதும். சென்ற வருஷத்துத் தொகை என்ன என்றும் கேளுங்கள்.

தொகை குறைந்திருந்தால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: குழந்தைகள் கோட்டுக்கு மேலே ஏறினார்களா, கோடு குழந்தைகளுக்குக் கீழே இறங்கிற்றா? முந்தியதானால் ஊருக்குப் பாயசம் வையுங்கள். பிந்தியதானால், படிக்கல்லைக் குறைத்த வியாபாரியை என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். சிறுசேரி மாளிகையில் பிறந்த குழந்தைக்கும் தகரக் கொட்டகையில் பிறந்த குழந்தைக்கும் படிக்கல் ஒன்றே.